கடல்நீர்த் தொட்டிக்கு சம்ப், ரெஃப்யூஜியம்: கட்டியதும் கோளாறு பார்த்ததும்

தொட்டிக்குக் கீழே சம்ப் என்ற இன்னொரு தொட்டி வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: கரண்ட் போனால் உங்கள் தொட்டியிலிருந்து எத்தனை லிட்டர் கீழே வரும்? இதற்கு விடை தெரியாமல் கண்ணாடிக் கடைக்குப் போகக்கூடாது. ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) எந்த மாடல், பாசி எந்த வகை, விளக்கு எத்தனை வாட் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். எந்த அறையில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, அது எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்று பார்க்கப் பழகிவிட்டால், சம்பில் வரும் பெரும்பாலான கோளாறுகளை அதை வைத்தே பிடித்துவிடலாம். இங்கே நான் எழுதப்போகும் ஒவ்வொரு கோளாறும் அப்படிப் பிடிபட்டதுதான், ஒன்றைத் தவிர.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. மீன் இருக்கும் தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர், கீழே அலமாரிக்குள் இருக்கும் இன்னொரு தொட்டிக்குக் குழாய் வழியாக இறங்கும். அங்கே கழிவு பிரிந்து, ஒரு பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். அந்தக் கீழ்த்தொட்டிதான் சம்ப். அதில் ஒரு அறையை ஒதுக்கி, விளக்குப் போட்டு, பாசி வளர்த்தால் அது ரெஃப்யூஜியம். மீன் வாய் எட்டாத இடம் என்பதால் கோப்பிபாட், ஆம்ஃபிபாட் போன்ற பொடிப் பொடி உயிர்கள் அங்கே நிம்மதியாகப் பெருகும். பாசியை வைத்தே கடல்நீரைச் சுத்தம் செய்யும் வழியைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஏடி. இன்று நம் அலமாரிகளுக்குள் பச்சையாகச் சுருண்டு கிடக்கும் பாசிக் கட்டிகளுக்கு அவருடைய வேலையோடு தொடர்பு உண்டு.

அளவும் கணக்கும்

மேல் தொட்டி 48 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 20 அங்குல உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 283 லிட்டர். சம்ப் 36 அங்குல நீளம், 15 அகலம், 16 உயரம். மேலே ஒரு அங்குலம் தண்ணீர் இறங்கினால் 14 லிட்டர் கீழே வரும். சம்பில் ஒரு அங்குலம் ஏற 9 லிட்டரே போதும். அதாவது மேலே இறங்குவதைவிடக் கீழே வேகமாக ஏறும். சம்ப் சிறியதாக ஆக ஆக இந்த வித்தியாசம் இன்னும் மோசமாகும்.

சம்பில் ஓடும்போது மட்டம் 9 அங்குலம் என்று வைத்தேன். மேலே 7 அங்குலம் காலி; அதில் சுமார் 62 லிட்டர் பிடிக்கும். பம்ப் நின்றால், தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாய் சைஃபன் ஆகி, தன் வாய் வெளியே தெரியும் வரை தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கும். அதை உடைக்கத்தான் நீர்மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே குழாயில் சின்ன ஓட்டை போடுவார்கள். மட்டம் அந்த ஓட்டைக்கு வந்ததும் காற்று உள்ளே போய் சைஃபன் அறுந்துவிடும். ஓட்டை வேலை செய்தால் 14 லிட்டர், மேல் தொட்டியில் வழியும் தண்ணீர் விழும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலிருந்து ஒரு 5 லிட்டர், ஆக 19. ஓட்டை அடைத்துக்கொண்டால்? குழாயின் வாய் மூன்றரை அங்குல ஆழத்தில் இருந்தது. அப்போது 50 லிட்டரும் பெட்டியின் 5 லிட்டரும் சேர்ந்து 55. சம்பின் காலி இடம் 62. சரி, வழியாது. ஆனால் இடைவெளி சிறியது. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தேன். பிறகு பலமுறை அந்தத் தாளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ரிட்டர்ன் குழாயில், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் போதாதா என்று கேட்கலாம். கடல்நீரில் அதன் மூடியில் சுண்ணாம்புப் படிவும் பாசியும் சேரும். சில மாதத்தில் முழுசாக மூடாது. அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது என்பது என் கருத்து.

கண்ணாடியும் குழாயும்

சம்ப் 6 மி.மீ. கண்ணாடி. உள்ளே இடமிருந்து வலமாக: வடிகால் குழாயும் ஸ்கிம்மரும் இருக்கும் அறை 11 அங்குலம், ரெஃப்யூஜியம் 12, குமிழி அடக்கும் மூன்று தடுப்புக் கண்ணாடிகள் நிற்கும் இடம் 3, ரிட்டர்ன் பம்ப் அறை 10. தடுப்புகளில் முதலாவதின் மேலாகத் தண்ணீர் வழிந்து, இரண்டாவதின் அடியில் ஒரு அங்குல இடைவெளியில் நுழைந்து, மூன்றாவதின் மேலாக மறுபடி வழியும். இந்த ஏற்ற இறக்கத்தில் குமிழிகள் மேலே வந்து உடைந்துவிடும். தடுப்புகளை இருபக்கமும் 3 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள். இறுக்கமாக வெட்டினால் சிலிக்கான் உட்காரவே இடம் இருக்காது.

சிலிக்கான் விஷயத்தில் கவனம் தேவை. தடவும்போது வினிகர் வாடை அடிக்கும் சாதாரண அசிட்டிக் வகைதான் வேண்டும். பாத்ரூமுக்கு என்று விற்கும் பூஞ்சை தடுக்கும் வகையில் மருந்து கலந்திருக்கும். அது தொட்டிக்கு ஆகாது. ஒரு வாரமாவது காயவிட்டு, வாடை அறவே போன பிறகே தண்ணீர் விட வேண்டும்.

வடிகாலுக்காக மேல் தொட்டியில் ஓட்டை போடுவதற்கு முன், அதில் குழாயைப் பொருத்தும் டேங்க் கனெக்டரைக் கையில் வாங்கிவிடுங்கள். ஒரு அங்குலக் குழாய்க்கு என்று விற்கும் கனெக்டர்களே கடைக்குக் கடை பருமனில் வேறுபடுகின்றன. அளவைப் பார்த்துத்தான் டயமண்ட் பிட்டைத் தேர்ந்தெடுக்க முடியும். ஓட்டையைச் சுற்றிக் களிமண்ணால் வரப்பு கட்டி, அதில் தண்ணீர் தேக்கி, அழுத்தாமல் மெதுவாகத் துளைக்க வேண்டும். டஃபன் செய்த (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடி என்றால் தொடவே கூடாது, மொத்தமும் நொறுங்கும்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். வடிகால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தக் குழாய்க் கடையில் கேட் வால்வு என்று கேட்டால் பெரும்பாலும் பித்தளையைத்தான் எடுத்துத் தருவார்கள். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். கடல்நீர் அதை அரிக்கும். செம்பு மிகக் குறைந்த அளவில் கரைந்தாலே இறால், நத்தை, நண்டு எல்லாம் சாகும். அடாப்டர்களிலும் உள்மரை பித்தளையில் இருக்கும் வகை உண்டு. உள்ளே எட்டிப் பார்த்து வாங்குங்கள். முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன கேட் வால்வு கிடைக்க நான்கைந்து கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. பால் வால்வு எளிதாகக் கிடைக்கும், ஆனால் கால் சுற்றிலேயே முழுசாகத் திறந்து மூடிவிடும். நமக்குத் தேவையான மிக நுணுக்கமான திருகல் அதில் வராது. அதேபோல் ட்யூபை இறுக்க இரும்புக் கிளிப் வேண்டாம். துருப்பிடிக்காது என்று சொல்லி விற்பதும் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கிறது. பிளாஸ்டிக் கிளிப்பே நல்லது.

வடிகால் முறைகளில் ஹெர்பி முறையைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு குழாய்கள். ஒன்று முழுவதும் தண்ணீரால் நிரம்பி, காற்றே இல்லாமல் சைஃபனாக ஓடும். அதில்தான் கேட் வால்வு. இன்னொன்று சற்று உயரமாக, அவசரத்துக்கு நிற்கும். முதல் குழாயில் ஏதாவது அடைத்தால் தண்ணீர் தரையில் கொட்டாமல் இரண்டாவதில் இறங்கும். காற்றும் தண்ணீரும் கலந்து இறங்கும்போதுதான் கொடகொடவென்று சத்தம் வரும். சைஃபனில் காற்று இல்லாததால் சத்தமும் இல்லை.

தண்ணீர்

எங்கள் வீடு சென்னையில். போர் தண்ணீரை நேரடியாக நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் அதைத் திறந்து பார்க்க வேண்டும். பல இயந்திரங்களில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். குடிக்கும் தண்ணீருக்குச் சுவை வேண்டும் என்பதற்காக, ஆர்.ஓ. ஆகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் வேலை அதற்கு. அதை முழுசாக மூட வேண்டும். இப்போது செம்புச் சத்து சேர்க்கிறோம் என்று தனியாக ஒரு கார்ட்ரிட்ஜ் வைத்த இயந்திரங்களும் பரவலாகிவிட்டன. மனிதனுக்கு எப்படியோ, இறாலுக்கு அது விஷம். நான் மெம்பரேனிலிருந்து வரும் குழாயில், அந்தக் கார்ட்ரிட்ஜுகளுக்கு முன்னாலேயே ஒரு டீ போட்டுத் தனியாகத் தண்ணீர் எடுத்து, மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துவிடும் ஒரு டீஅயனைசிங் ரெசின் குடுவை வழியாக விட்டேன். டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் வந்தது. அந்தத் தண்ணீரில் உப்புக் கலந்து, ஒரு பம்ப் போட்டு ஒரு நாள் சுழலவிட்டு, அடர்த்தி 1.025, அதாவது ஆயிரத்துக்கு 35 என்ற உப்பளவுக்குக் கொண்டுவந்தேன்.

பாக்டீரியா குடியேறுவதற்காகத் தொட்டிக்குள் வைக்கும் பாறைகள் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் கடல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கடற்குதிரையும் அப்படியே. மன்னார் வளைகுடாவிலிருந்து உயிர்ப்பாறை என்று யாராவது கொடுத்தால் அது உடைத்தெடுத்த பவளப்பாறைதான். அதை வாங்குவது குற்றம். குற்றமாக இல்லாவிட்டாலும் அந்தக் கடலுக்கு நாம் செய்யக்கூடாத காரியம் அது. செராமிக்கில் செய்த துளைப் பாறைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. பாக்டீரியா குடியேற ஒன்றிரண்டு வாரம் கூடுதலாகும், அவ்வளவுதான். கோமாளி மீன்களுக்கும் கடலில் கை வைக்கத் தேவையில்லை. அவற்றைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் தொழில்நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் உள்ள அதன் மையம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. பண்ணையில் பிறந்த குஞ்சுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

ஓடவிட்டதும் வந்தவை

முதலில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டிப் பார்த்தோம். ஒழுகல் இல்லை. பம்ப்பை நிறுத்தினால் கணக்குப்படியே இரண்டு அங்குலம் ஏறி நின்றது. ஆனால் திரும்பப் போட்டால் பிரச்சினை. மேலே ஓவர்ஃப்ளோ பெட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும், அவசரக் குழாயில் இரைச்சலோடு இறங்கும், முதல் குழாய் சும்மா இருக்கும். வெகுநேரம் கழித்து ஒரு பெரிய ஏப்பம் விட்டுவிட்டு சைஃபன் பிடிக்கும்.

கேட் வால்வில் அடைப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். அது சுத்தமாக இருந்தது. குழாயின் கீழ்முனையைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. சத்தம் வரக்கூடாது என்று முனையை சம்பின் தண்ணீருக்குள் நான்கு அங்குல ஆழம் விட்டிருந்தோம். பம்ப் நின்றிருக்கும்போது குழாய்க்குள் காற்று நிரம்பிவிடுகிறது. மறுபடி ஓடும்போது அந்தக் காற்று வெளியேற, நான்கு அங்குலத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அதற்கான அழுத்தம் மேலே பெட்டியில் சேரவில்லை. முனையை அறுத்து, ஒரு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான ஆழத்தில் நிற்கும்படி செய்தேன். அடுத்த முறை பம்ப் போட்டதும் முனையில் கொத்தாகக் குமிழிகள் வந்தன, கொஞ்ச நேரத்தில் நின்றன, சைஃபன் பிடித்தது. கரண்ட் போய் வரும் ஊரில், நாம் வீட்டில் இல்லாதபோதும் தொட்டி தானாக எழுந்து ஓட வேண்டும். ஹெர்பி அமைத்தவர்கள் எல்லாரும் இந்த முனையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கேட் வால்வைச் சரிசெய்ய அவசரம் கூடாது. கொஞ்சம் திருகிவிட்டு, பெட்டியில் மட்டம் எங்கே நிற்கிறது என்று அரைமணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கிக்கொண்டே போனால் குழாய் காற்றை உறிஞ்சத் தொடங்கும், சர்ரென்று சத்தம் கேட்கும். வால்வு அதிகம் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஏறிக்கொண்டே போய் அவசரக் குழாயில் நிறைய இறங்கினால் குறைவாகத் திறந்திருக்கிறது. அவசரக் குழாயில் நூல்போல ஒரு கசிவு இறங்கும் நிலைதான் சரி. மட்டம் நின்ற இடத்தில் பெட்டியின் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். குழாயின் உட்புறம் வழவழப்பாகப் படலம் பிடிக்கும்போது மட்டம் மெல்ல உயரும். கோட்டைப் பார்த்துக் கால் சுற்றுத் திறந்தால் சரியாகிவிடும்.

ஸ்கிம்மர் முதல் சில நாள் கண்டபடி நுரைத்து வழிந்தது. புது ஸ்கிம்மர் எல்லாமே அப்படித்தான். உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசை போகும் வரை விட்டுவிட வேண்டும். அது நிற்க வேண்டிய நீர் ஆழம் 8 அங்குலம், எங்கள் அறையில் ஒன்பதரை. அடியில் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி ஒன்றரை அங்குலம் உயர்த்தினேன்.

சாயங்காலக் குமிழிகள்

புதுத் தொட்டியில் பாக்டீரியா நிலைபெறும் வரை அமோனியா, நைட்ரைட் எல்லாம் ஏறி இறங்கி, இரண்டு கோமாளி மீன்களை விட்ட பிறகு வந்தது இது. மேல் தொட்டி முழுக்கப் புகை படர்ந்ததுபோல் பொடிக் குமிழிகள். ஸ்கிம்மரை நிறுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. வடிகால் முனையில் காற்று வரவில்லை. பம்ப் அறையில் ஒளி அடித்துப் பார்த்தால் அங்கே நிறைய இருந்தன.

துப்பு கொடுத்தது நேரம்தான். காலையில் குமிழியே இருக்காது. மதியத்துக்கு மேல் தொடங்கி, சாயங்காலம் அடர்த்தியாகும். காலையில்தான் நான் ஆவியான தண்ணீருக்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவேன். சம்பில் மற்ற அறைகளின் மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடிகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஆகவே மொத்தத் தொட்டியும் இழக்கும் தண்ணீர் ஒரே ஒரு அறையில்தான் குறைவாகத் தெரியும், அது பம்ப் அறை. அங்கே ஒரு அங்குலத்துக்கு வெறும் இரண்டரை லிட்டர். சித்திரை, வைகாசி வெயிலில், சூட்டைத் தணிக்க சம்பின் மேல் ஃபேனும் ஓடினால், ஒரு நாளைக்கு 7 லிட்டர் வரை போய்விடுகிறது. மட்டம் ஏறக்குறைய 3 அங்குலம் இறங்கும். அப்போது மூன்றாவது தடுப்பிலிருந்து வழியும் தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றை அடித்துக்கொண்டு உள்ளே போகும். பம்ப்பும் அந்தக் குமிழிகளைத் துண்டு துண்டாக்கி மேலே அனுப்பும்.

குமிழியைவிட எனக்குக் கவலை தந்தது உப்பளவு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கிறது. தினமும் ஏறி இறங்கும் உப்பளவு மீனுக்குச் சிரமம். கையால் ஊற்றுவதை விட்டுவிட்டு, மிதவை சுவிட்ச் ஒன்றும் சின்ன பம்ப் ஒன்றும் வைத்துத் தானாகவே நல்ல தண்ணீர் ஏறும்படி செய்தேன். தண்ணீர் இருப்புக்கு நம் வீடுகளில் வரும் 20 லிட்டர் கேனையே வைத்தேன். வேண்டுமென்றேதான் இந்த அளவு. சுவிட்ச் மாட்டிக்கொண்டு கேன் முழுவதும் இறங்கிவிட்டால் என்ன ஆகும்? மொத்தம் சுமார் 320 லிட்டர் ஓடுகிறது. அதில் 20 லிட்டர் நல்ல தண்ணீர் கலந்தால் உப்பளவு 35-லிருந்து 33-க்கு அருகே வரும். மீன் தாங்கும். பெரிய டிரம் வைத்திருந்தால் தாங்காது. கேன் சம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், ட்யூபின் முனை சம்பின் நீர்மட்டத்துக்கு மேலே காற்றில் தொங்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் சைஃபன் பிடித்து நல்ல தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும், அல்லது உப்புத் தண்ணீர் கேனுக்குள் போய்விடும்.

கேன் வந்ததும் கதவில் ஒட்டிய கணக்கு மாறியது. அதைத் திருத்துவதற்குள் ஒரு மின்தடையில் சம்பின் தண்ணீர் விளிம்புக்கு முக்கால் அங்குலம் வரை வந்து நின்றது. ரிட்டர்ன் குழாயின் சைஃபன் ஓட்டைக்குள் கடுகளவு நத்தை ஒன்று அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பல்குத்தும் குச்சியால் தள்ளியதும் உள்ளே போய்விட்டது. எழுதி வைத்த 55 லிட்டர் அப்படியே வந்திருந்தது. அன்று கேனும் இறங்கியிருந்தால் 75; காலி இடம் 62. மீதி ஹாலில்தான். உடனே குழாய் வாயை அறுத்து இரண்டு அங்குல ஆழத்துக்கு உயர்த்தினேன். இப்போது ஓட்டையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் வருவது 33 லிட்டர், கேனையும் சேர்த்து 53. ஓட்டை இருக்கட்டும், ஆனால் அதை நம்பித் தொட்டி நிற்க வேண்டியதில்லை.

மின்தடை என்றதும் இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் சில மணி நேரத்துக்குத்தான். அந்த நேரத்தில் தேவைப்படுவது ஆக்சிஜன் ஒன்றே. டார்ச் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். இன்வெர்ட்டரில் ரிட்டர்ன் பம்ப்பை மட்டும் கொடுங்கள், டி.சி. பம்ப் என்றால் வேகத்தைப் பாதியாக்கி இன்னும் நேரம் இழுக்கலாம். ஸ்கிம்மர் கரண்ட் வந்ததும் உடனே ஓடக்கூடாது. சம்பில் மட்டம் உயர்ந்திருக்கும்போது ஓடினால் அதன் கோப்பை பொங்கி, சேர்த்து வைத்த அழுக்கு எல்லாம் திரும்பத் தண்ணீரில் கலக்கும். சில நிமிடம் தாமதித்து ஓடும்படி டைமர் சுவிட்ச் போட்டிருக்கிறேன்.

மின்சாரப் பாதுகாப்பில் சமரசமே கூடாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் உப்புத் தண்ணீரில் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒருமுறை தொங்கி மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வயர் வழியே வழியும் சொட்டு அந்தத் தொங்கலிலேயே விழும், பிளக்குக்குள் போகாது.

வெளுத்த பாசி

நீர்மட்டத்தால் பிடிபடாத கோளாறு என்று சொன்னது இதைத்தான். ரெஃப்யூஜியத்தில் கீட்டோமார்ஃபா, சுருக்கமாகக் கீட்டோ, என்ற பாசியைப் போட்டேன். முடிச்சு விழுந்த பச்சை நைலான் நூல் உருண்டைபோல் இருக்கும். எதிலும் வேர் பிடிக்காது. கௌலெர்ப்பா என்ற பாசியும் கிடைக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் அது திடீரென்று ஒரே இரவில் இனப்பெருக்கத்துக்காகத் தன்னையே கரைத்து, உறிஞ்சியதையெல்லாம் திரும்பத் தண்ணீரில் கொட்டிவிடக்கூடியது. கீட்டோவில் அந்தப் பயம் கிடையாது. கடலிலிருந்து நேரே எடுத்து வராமல், ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு கைப்பிடி வாங்கினேன். கூடவே ஆம்ஃபிபாட்களும் வந்தன. விளக்கு 20 வாட், 6500 கெல்வின் வெள்ளை எல்இடி, நீர் புகாத வகை. மேல் தொட்டி விளக்கு அணைந்த பிறகு இது எரியும். இழைகள் அறுந்து பம்ப்புக்குப் போகாமல் இருக்க, பிளாஸ்டிக் காய்கறிக் கூடையின் பக்கத்தை வெட்டித் தடுப்பின் மேல் கட்டினேன்.

சில வாரம் நன்றாக வளர்ந்தது. கைப்பிடி, தேங்காய் அளவு ஆனது. அப்புறம் மேல்பக்கம் வெளிறத் தொடங்கியது. இழையை விரலில் எடுத்து இழுத்தால், முன்பு பட்டென்று அறுந்தது இப்போது ஈரக் காகிதம்போல் பிய்ந்தது. கண்ணாடிப் பக்கமாக இருந்த இழைகள் நிறமே இல்லாமல் போயின. விளக்குப் போதவில்லை என்று நினைத்து அதிகமாக்கத் தோன்றும். அதைச் செய்யாமல் முதலில் தண்ணீரைச் சோதித்தேன். நைட்ரேட் பூஜ்யம். பாஸ்பேட் மட்டும் 0.1.

பாசிக்குப் பட்டினி. கடல்பாசிகளின் உடலில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சராசரியாக 30 நைட்ரஜன் அணுக்கள் இருக்கும் என்று அட்கின்சன், ஸ்மித் இருவரும் 1983-ல் கணக்கிட்டார்கள். நீரில் மிதக்கும் நுண்பாசிகளுக்கு இந்த எண் 16. அதாவது கீட்டோ நைட்ரஜனைத்தான் அதிகம் தின்னும். இரண்டு சின்ன மீன்கள் மட்டும் உள்ள தொட்டியில், நன்றாக ஓடும் ஸ்கிம்மரும் சேர்ந்தால் நைட்ரஜன் முதலில் தீர்ந்துபோகும். பாஸ்பேட் எடுக்க ஆளில்லாமல் மிஞ்சும். பாசி வெளுப்பதைப் பார்த்துவிட்டு விளக்கைக் கூட்டினால் பசி இன்னும் கூடும்.

விளக்கை 14 மணி நேரத்திலிருந்து 9 மணி நேரமாகக் குறைத்தேன். ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டினேன். மீனுக்கு இரை சற்றுத் தாராளமாகப் போட்டேன். வெளுத்த பகுதியைக் கிள்ளி எறிந்தேன். அதை விட்டுவைத்தால் அங்கேயே அழுகும். நைட்ரேட் 2-ஐத் தொட்டபோது நடுவிலிருந்து கரும்பச்சை திரும்ப வந்தது. பிறகு இன்னும் சில மீன்கள் சேர்ந்ததும் ஸ்கிம்மரை முழு நேரத்துக்குக் கொண்டுவந்தேன், பாசி அப்படியே இருக்கிறது.

ரெஃப்யூஜியத்தை ஒரு வடிகட்டி என்று நினைப்பதைவிட ஒரு கீரைப் பாத்தியாக நினைப்பது சரி. பாசி உறிஞ்சியது பாசிக்குள்தான் இருக்கிறது. அதை வெளியே எடுத்துப் போட்டால்தான் கழிவு தொட்டியை விட்டுப் போகும். உருண்டை அறையை நிறைத்ததும் மூன்றில் ஒரு பங்கைப் பிய்த்தெடுத்து, ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, அதில் விழும் ஆம்ஃபிபாட்களை மேல் தொட்டியில் ஊற்றிவிடுவேன். மீன்கள் அந்த நேரத்துக்குக் காத்திருக்கின்றன. மீதி உருண்டையைப் புரட்டி, அடிப்பக்கம் மேலே வரும்படி போட வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் படாத பக்கம் அழுகும்.

இரவில் விளக்கு எரிவதால் இன்னொரு லாபம். ராத்திரியில் எல்லா உயிர்களும் கரியமில வாயுவை விடும், பி.எச். இறங்கும். எதிர்நேரத்தில் பாசி அதை இழுத்துக்கொள்வதால் விடியற்காலை பி.எச். 7.8-லிருந்து 8.0 பக்கம் வந்தது. ஆனால் ஹாலில் ஏ.சி. போட்டு ஜன்னலெல்லாம் மூடி நாலைந்து பேர் படுத்தால் மறுபடி 7.8. அறையின் காற்றில் கரியமில வாயு ஏறினால் தண்ணீரிலும் ஏறும். ஸ்கிம்மரின் காற்று ட்யூபை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டேன். செலவில்லாத வேலை, பலன் உடனே தெரிந்தது.

சூட்டுக்கு ஃபேன் போதுமா என்றால், எங்கள் தொட்டியை 31 டிகிரியிலிருந்து இருபத்தெட்டரை வரை இறக்குகிறது. கடல்காற்றில் ஈரம் கூடும் நாட்களில் அந்த அளவுக்கு இறங்காது. மீனும் பாசியும் இதில் சமாளிக்கின்றன. இதைவிடக் குளிர்ச்சி கேட்கும் உயிர் வைப்பவர்கள் சில்லருக்குப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

கடைசியாக பம்ப். ஆரம்பத்தில் ரிட்டர்ன் முனையில் ட்யூப் மாட்டி, தொட்டியின் நீர்மட்ட உயரத்திலேயே வாளியைப் பிடித்து ஓட்டத்தை அளந்தபோது 10 லிட்டர் நிரம்ப 25 விநாடி ஆனது. மணிக்கு 1440 லிட்டர், மேல் தொட்டியைப்போல் ஐந்து மடங்கு. பெட்டியில் எழுதியிருந்தது 3000. அது உயரமே இல்லாத கணக்கு, நாலரை அடி ஏற்றினால் பாதிதான் வரும். சில மாதம் கழித்து அளந்தபோது 34 விநாடி. இம்பெல்லரை (பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் பாகம்) கழற்றினால் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் 26-க்கு வந்தது. பம்ப் சுத்தமானால் ஓட்டம் கூடும், ஓவர்ஃப்ளோ பெட்டியில் மட்டமும் ஏறும். கேட் வால்வைச் சற்றுத் திறந்து மார்க்கர் கோட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டு, சைஃபன் தானாகப் பிடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.